வாயில் வெள்ளைப் பஞ்சு

“மாமா, மோலி வாயில பஞ்சு ஒட்டியிருக்கு” என்று மேல்வீட்டுப் பையன் கைபேசியை நீட்டினான். மே மாதம். படத்தில் கறுப்பு மோலி ஒன்று தொட்டியின் மேல்மட்டத்தில், ஏர் ஸ்டோன் குமிழிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. உதட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு. துடுப்புகள் உடம்போடு மடங்கியிருந்தன. மீன் வாங்கிய கடையில் காட்டியதற்கு, பூஞ்சை என்று சொல்லி நீல மருந்து கொடுத்திருக்கிறார்கள். அதை ஊற்றி ஒரு நாள் ஆகிவிட்டது. இப்போது இன்னொரு மோலிக்கும் முதுகில் வெளிறிய திட்டு.

பூஞ்சை என்று சொன்னதில் வியப்பில்லை. ஆங்கிலத்திலும் இதற்கு வெகுகாலமாக ‘வாய்ப் பூஞ்சை’ என்றே பெயர் வழங்கியது. கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் உதட்டில் படிந்திருந்தது பாக்டீரியா. நோயின் பெயர் காலம்னாரிஸ். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று மீன்களில் இதைக் கண்டு 1922-இல் எழுதியவர் எச். எஸ். டேவிஸ். நோயுற்ற திசுவை நுண்ணோக்கியில் வைத்தால் அதன் விளிம்பில் இந்தப் பாக்டீரியாக்கள் தூண்தூணாகக் குவிந்து நிற்கும். தூணைக் குறிக்கும் லத்தீன் சொல்லே பெயராகிவிட்டது. இன்று அறிவியலில் ஃப்ளேவோபாக்டீரியம் காலம்னேர் என்கிறார்கள்.

பெயர் தெரிவது ஏன் முக்கியம் என்றால், பூஞ்சைக்கு நாள் கணக்கு, இதற்கு மணிக் கணக்கு. வெயில் காலத்தில், தண்ணீர் 30 டிகிரியைத் தொடும்போது, வீரியமான வகை ஓரிரு நாளில் மீனை முடித்துவிடும்.

வேறுபாட்டைக் கண்ணாலேயே ஓரளவு பிடிக்கலாம். பூஞ்சை நூல்நூலாக வளரும்; மீன் திரும்பும்போது அந்த நூல்கள் தனியே ஆடும். பெரும்பாலும் ஏற்கனவே உள்ள புண்ணின் மேலோ செத்த முட்டையின் மேலோதான் வரும். காலம்னாரிஸ் தோலோடு தோலாகப் படியும். சாம்பல் கலந்த வெண்மை, சில நேரம் லேசான மஞ்சள், ஓரத்தில் சிவப்பு. உதட்டில் தொடங்கினால் உதட்டை அரிக்கும். முதுகுத் துடுப்பின் அடியில் தொடங்கினால் இரு பக்கமும் வழிந்து, குதிரைக்குச் சேணம் போட்டதுபோல ஒரு பட்டை தெரியும். செவுளில் தொடங்கினால்தான் கொடுமை: வெளியே எதுவும் தெரியாது, மீன் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும், மறுநாள் காலையில் மிதக்கும்.

உடம்பெங்கும் ரவையைத் தூவியதுபோல் தனித்தனிப் புள்ளிகள் இருந்தால் அது வெள்ளைப்புள்ளி நோய். அதற்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி. அந்த நோய்க்கு ஹீட்டர் போட்டுத் தண்ணீரைச் சூடாக்குவது பழைய கைமுறை. சூட்டில் ஒட்டுண்ணி வேகமாக வளர்ந்து, மருந்து படக்கூடிய பருவத்துக்குச் சீக்கிரம் வந்துவிடும் என்பதால் அது சரிதான். அதே கையோடு காலம்னாரிஸுக்கும் ஹீட்டர் போட்டால் பாக்டீரியாவைத்தான் வளர்க்கிறோம். பையனிடம் நான் முதலில் கேட்டதே, “ஹீட்டர் போட்டிருக்கியா?” என்றுதான். போட்டிருந்தான். அணைக்கச் சொன்னேன். மூடியை எடுத்துவிட்டு மேசை விசிறியைத் தண்ணீர் மட்டத்தின் மேல் திருப்பி வைத்தால், நீர் ஆவியாகி ஓரிரண்டு டிகிரி மெல்ல இறங்கும். ஐஸ் கட்டி போடாதீர்கள். திடீர்க் குளிர்ச்சி மீனைக் கூடுதலாக வதைக்கும்.

அடுத்தது தண்ணீர். மருந்துக்கு முன்னால் தண்ணீர் என்பதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும், எல்லோருடைய கையும் மருந்துப் புட்டிக்குத்தான் போகிறது. இந்த வகைப் பாக்டீரியாக்கள் தொட்டியில் எப்போதுமே ஓரளவு இருக்கின்றன. நலமாக இருக்கும் மீனின் மேலுள்ள வழவழப்பான சளிப்படலத்தைத் தாண்டி அவற்றால் எளிதில் போக முடியாது. அந்தப் படலம் கெடும்போதுதான் வழி கிடைக்கிறது. கெடுப்பவை பல: கழிவு சேர்ந்த நீர், அளவுக்கு மீறிய கூட்டம், வலையில் பட்ட சிராய்ப்பு, நீண்ட பயணம். வண்ணமீனுக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரிலிருந்து ஒரு மோலி நம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை தொட்டி, எத்தனை ஆக்சிஜன் பை மாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். புது மீனை நேரே தொட்டியில் விடாமல் மூன்று நான்கு வாரம் தனியே வைத்துப் பார்ப்பது இதனால்தான்.

கழிவில் முதல் எதிரி அமோனியா. மீனின் செவுளிலிருந்தும், தின்னாமல் மட்கும் தீனியிலிருந்தும் அது வருகிறது. ஃபில்டரில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இந்தக் குடியேற்றம் முழுமையடைய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். நம் ஊர் வெயிலுக்கும் போர் தண்ணீருக்கும் இங்கே ஒரு தனிக் கணக்கு உண்டு. தண்ணீரில் கரைந்த அமோனியா முழுவதும் நஞ்சல்ல. அதில் ஒரு பகுதிதான் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 30 டிகிரியில், பிஎச் 7 என்றால் அந்தப் பகுதி நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பிஎச் 8 ஆனால் நூற்றுக்கு ஏழுக்கு மேல். அதே தொட்டி, அதே அழுக்கு, ஏறத்தாழ பத்து மடங்கு நஞ்சு. சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான்.

ஆகவே கடையில் கிடைக்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வையுங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை நீரை மாற்றுங்கள். புது நீர் குளோரின் நீக்கியதாக, தொட்டி நீரின் சூட்டிலேயே இருக்கட்டும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் நல்ல பாக்டீரியாக்கள் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். பையனின் தொட்டியில் அமோனியா சோதனைக் குழாயின் நிறம் பச்சைக்குப் போயிருந்தது. பிறந்தநாளுக்கு வந்த எட்டு மீன்கள், 40 லிட்டர் தொட்டி, வைத்து மூன்று வாரம். அந்த வயதில் யாரும் சொல்லாமல் இது தெரியாது. விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது.

நோயுற்ற இரண்டையும் தனியே எடுத்தோம். இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. சோப்பு படாத 20 லிட்டர் பக்கெட் ஒன்று, ஏர் ஸ்டோன் ஒன்று, ஒளிந்துகொள்ளச் சின்ன மண்சட்டி, மேலே வலை. மணலும் செடியும் வேண்டாம். ஃபில்டரும் வைப்பதானால் அதில் உள்ள கரித்தூளை எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். தனியே எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பெரிய தொட்டியில் ஆன்டிபயாடிக் ஊற்றினால் ஃபில்டரின் நல்ல பாக்டீரியாக்களும் சாகலாம். நீல மருந்தான மெத்திலீன் புளூவும் அவற்றுக்கு ஆகாது. பிறகு அமோனியா ஏறும், நலமாக இருந்த மீன்களும் படுக்கும்.

முதல் மருந்து கல்லுப்பு. நன்னீர் மீனின் ரத்தம் சுற்றியுள்ள நீரைவிட உப்பானது. அதனால் தண்ணீர் ஓயாமல் உடம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கும், சிறுநீரகம் அதை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். தோலும் செவுளும் புண்ணானால் அந்த வேலை கூடிவிடுகிறது. நீரில் கொஞ்சம் உப்பிருந்தால் மீனுக்கு அந்தப் பாரம் குறையும். உப்பு ஏறிய நீர் காலம்னாரிஸுக்கும் ஒத்துவராது. லிட்டருக்கு 1 முதல் 3 கிராம். மோலி உப்பைத் தாங்கும் மீன் என்பதால் 3 வரை போனோம், அதாவது 20 லிட்டருக்கு 60 கிராம். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். தனியே கரைத்து, மூன்று தவணையாக ஒரு நாளுக்குள் சேருங்கள். கோரிடோராஸ், லோச் போன்ற அடிமட்ட மீன்களுக்கு 1 கிராமோடு நிறுத்திவிட்டு அவற்றின் நடையைக் கவனியுங்கள்.

உப்பு மட்டும் போதாத நிலை வந்தால் ஆன்டிபயாடிக். இங்கேதான் பெரும் தவறு நடக்கிறது. வீட்டில் மிஞ்சிய அமாக்சிசிலின் கேப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுகிறார்கள். மீன்களைத் தாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை கிராம்-நெகட்டிவ் வகை. 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வகுத்த சாயச் சோதனையில் ஊதா நிறத்தைப் பிடித்துவைக்காத கூட்டம் அது. மீன்களில் புண்ணும் உடல் வீக்கமும் வரவைக்கும் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா அதில் ஒன்று. பெனிசிலின் வகையான ஆம்பிசிலினுக்கு அது இயல்பிலேயே பணியாது. கனமைசின், நைட்ரோஃபுரான் வகை, ஆக்சிடெட்ராசைக்ளின் ஆகியவை இந்தக் கூட்டத்துக்கு எதிராகப் பயன்படுபவை. ஆக்சிடெட்ராசைக்ளின் சுண்ணச்சத்து மிகுந்த நீரில் கால்சியத்தோடு பிணைந்து வலுவிழக்கும். வாளியில் வெள்ளைப் படிவு விடுகிற போர் தண்ணீர் என்றால் அதை நம்ப வேண்டாம்.

அளவை நான் எழுதப்போவதில்லை. ஒவ்வொரு தயாரிப்பிலும் மருந்தின் செறிவு வேறு. மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடமோ, தூத்துக்குடி, பொன்னேரி போன்ற ஊர்களில் உள்ள மீன்வளக் கல்லூரிகளிலோ கேட்டு, அவர்கள் சொன்ன நாள்வரை முழுதாகக் கொடுங்கள். இரண்டாம் நாளே மீன் தெளிவாகிவிட்டது என்று நிறுத்தினால், தப்பிப் பிழைத்த பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். பக்கெட்டில் ஃபில்டர் இல்லையென்றால் தினமும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, எடுத்த அளவுக்கு உப்பும் மருந்தும் திரும்பச் சேர்க்க வேண்டும். நைட்ரோஃபுரான் உண்ணும் மீனுக்குத் தடைசெய்யப்பட்ட மருந்து. அது போட்ட நீரையோ மீனையோ குளத்திலும் கிணற்றிலும் விடாதீர்கள்.

நோய் தோலில் இருக்கும்வரை நீரில் கலந்த மருந்து புண்ணை நேரே தொடும். உள்ளே போய்விட்டால் கதை வேறு. நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு, அதனால் நீரில் உள்ள மருந்து உள்ளுறுப்புகளுக்குப் போதிய அளவில் சேராது. தீனியில் கலந்து கொடுத்தால்தான் சேரும். அதற்கு மீன் தின்ன வேண்டும். தின்பதை நிறுத்துவதற்கு முன்பே பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியதுபோல. வயிறு வீங்கி, செதில்கள் சீத்தாப்பழத் தோல்போல எழுந்து நின்றால், சிறுநீரகம் கைவிட்டுவிட்டது என்று பொருள். அந்த நிலையிலிருந்து மீள்பவை சொற்பம். வேதனையை நீட்டாமல் முடிக்கக் கிராம்பு எண்ணெய் உதவும். லிட்டருக்கு அரை மில்லி வீதம், சிறு புட்டியில் நீரோடு நன்றாகக் குலுக்கி ஊற்றினால் மீன் மயங்கும்; செவுளசைவு நின்ற பிறகும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் அப்படியே விடுங்கள். உயிரோடு கழிப்பறையில் விடுவதும் ஃப்ரீசரில் வைப்பதும் சித்திரவதை.

உங்கள் கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்று ஒன்று உண்டு, காசநோய்க் கிருமியின் உறவுக்காரன். 1926-இல் பிலடெல்பியாவின் மீன் காட்சியகத்தில் செத்த மீன்களிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. கையில் சிராய்ப்போடு தொட்டியில் இறங்கினால், சில வாரம் கழித்து விரலிலோ புறங்கையிலோ ஆறாத கட்டியாக எழும். தோல் மருத்துவரிடம் போனால் மீன் வளர்ப்பதை முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் அதை நினைக்க வாய்ப்பு குறைவு. காயம் இருந்தால் கையுறை போடுங்கள். நீர் மாற்றும்போது குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள்.

வாயில் பஞ்சு இருந்த மோலி மறுநாள் விடியற்காலையில் போய்விட்டது. பையன் அழுதான், தொட்டிச் செடிக்கு அடியில் புதைத்தோம். முதுகில் திட்டு வந்த மோலிக்கு நான்காம் நாள் வெள்ளை ஓரம் பரவாமல் நின்றது. ஆறாம் நாள் துடுப்பை விரித்தது. எட்டாம் நாள், அரித்துப்போன துடுப்பின் விளிம்பில் கண்ணாடிபோல் மெல்லிய புதுச்சதை தெரிந்தது. மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் பக்கெட்டிலேயே வைத்து, உப்பை நீர் மாற்றும்போதெல்லாம் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்தோம். பக்கெட்டுக்கு என்று ஒரு தனி வலை வைத்திருந்தான். அதை ஒவ்வொரு முறையும் மொட்டைமாடியில் வெயிலில் காயப்போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவான்.