மழை குடைந்த மலை

மலேசியாவின் பத்துமலைக்குப் போய் வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். 272 படி ஏறி உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் பாறைக்கூரை எங்கோ உயரத்தில் தெரியும். சுண்ணாம்புக்கல் குகை என்றால் இவ்வளவு பெரிது என்று பலர் மனதில் பதிந்திருப்பது அந்தக் காட்சிதான். அதே நாட்டில், கடல் தாண்டி போர்னியோ தீவில், சரவாக் மாநிலத்தின் மழைக்காட்டுக்குள் குனுங் முலு தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே போனால் அந்த அளவு போதாது. அங்குள்ள மான் குகையின் பெருவழி 90 மீட்டருக்கும் மேலான உயரமும் அகலமும் கொண்டது. ஏறக்குறைய 30 மாடிக் கட்டடம் ஒன்றை உள்ளே நிறுத்தலாம்.

முலுவுக்குச் சாலை கிடையாது. மிரி நகரிலிருந்து சிறிய விமானத்தில் போக வேண்டும். இல்லையென்றால் ஆற்று வழியே நெடுநேரம் படகில். பூங்கா அலுவலகத்திலிருந்து மான் குகைக்குச் சுமார் 3 கிலோமீட்டர், காட்டுக்குள் போட்டிருக்கும் மரப்பாதையில் நடை. இந்த நடையை யாரும் அவசரமாகக் கடக்கக் கூடாது. குகையைக் குடைந்த வேலையில் பாதி இந்தக் காட்டில்தான் நடந்திருக்கிறது.

வானிலிருந்து விழும் மழைநீரில் கரியமில வாயு கொஞ்சம்தான் கரைந்திருக்கும். அது காட்டு மண்ணுக்குள் இறங்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. வெப்பமும் ஈரமும் நிறைந்த இந்த மண்ணில் உதிர்ந்த இலை வேகமாக மட்கிவிடும். மட்கும் இலையும் மூச்சுவிடும் வேர்களும் வெளியேற்றும் கரியமில வாயு, காற்றில் இருப்பதைப் போலப் பல மடங்கு மண்ணுக்குள் தேங்கி நிற்கிறது. அதைக் கரைத்துக்கொண்ட நீர் மென்மையான கார்போனிக் அமிலமாகிறது. நம் நாக்குக்கு அது அமிலம் என்றே தெரியாது. ஆனால் சுண்ணாம்புக்கல்லின் விரிசலுக்குள் இறங்கி, இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஓயாமல் கல்லைக் கரைத்து எடுத்துச் சென்றுவிடுகிறது.

முலுவுக்கு இன்னொரு வாய்ப்பும் அமைந்தது. 2,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் முலு மலை மணற்கல்லால் ஆனது. அதன் பக்கத்தில் இருப்பதோ சுண்ணாம்புக்கல் மலைத்தொடர். மணற்கல் மலையில் கொட்டும் பெருமழை, மணலையும் கூழாங்கல்லையும் வாரிக்கொண்டு ஆறாக வந்து சுண்ணாம்புக்கல்லில் மோதுகிறது. அமிலம் கரைக்க, மணல் அராவ, பாறைக்குள் ஆறுகளே ஓடத் தொடங்கின. நிலம் மெல்ல மெல்ல உயர்ந்தபோது ஆறு கீழே புதிய வழி தேடிக்கொண்டது. பழைய வழிகள் மேலே வறண்ட குகைகளாக நின்றுவிட்டன. இப்படி அடுக்கடுக்காக அமைந்த தெளிநீர்க் குகையில் மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல் அளந்திருக்கிறார்கள். அதன் அடித்தளத்தில் ஆறு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. குகை இன்னும் வளர்கிறது.

இந்தக் குகைகளைப் பற்றி வெளியுலகம் விரிவாக அறிந்தது அண்மையில்தான். இங்கே வாழும் பெரவான், பெனான் மக்களுக்கு இது அவர்கள் காடு. குகை வாசல்கள் அவர்களுக்குப் புதியவை அல்ல. 1977-78இல் இலண்டன் ராயல் புவியியல் கழகத்தின் ஆய்வுப் பயணம் இங்கே வந்து 15 மாதம் தங்கியது. அதில் வந்த குகை ஆய்வாளர்கள் சிலர் பிறகு திரும்பி வந்தார்கள். 1981 ஜனவரியில் ஆண்டி ஈவிஸ், டேவ் செக்லி, டோனி வைட் ஆகிய மூவர் ஒரு குகை ஆற்றைப் பின்பற்றிப் போய் இருட்டுக்குள் நுழைந்தார்கள். விளக்கொளி எதிர்ச் சுவரைத் தொடவில்லை. அகலமான ஒரு வழி என்று எண்ணி, ஒரு பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். சுவர் வளைந்துகொண்டே போனது. அளந்து பார்த்தபோதுதான் தாங்கள் நின்றது ஒரே கூடம் என்று தெரிந்தது: 600 மீட்டர் நீளம், 400 மீட்டருக்கு மேல் அகலம். இருபதுக்கும் மேற்பட்ட கால்பந்து மைதானங்கள் அளவுள்ள தரை. நடுவில் ஒரு தூண்கூட இல்லை. சரவாக் கூடம் என்று பெயரிட்டார்கள். கொள்ளளவில் சீனாவின் மியாவ் கூடம் முந்திவிட்டது. தரைப் பரப்பில் இதுதான் இன்றும் முதலிடம்.

மான் குகைக்கு வருவோம். முன்பு உப்பைத் தேடி மான்கள் உள்ளே வந்து ஒதுங்குமாம். பெயர் அதனால் வந்தது. இன்று அங்கே குடியிருப்பவை வௌவால்கள். சுருக்க உதட்டு வௌவால் என்ற ஓர் இனம் மட்டுமே 20 முதல் 30 இலட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நுழைந்ததும் எச்சத்தின் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும். பலர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்துவிடுகிறார்கள். வேண்டாம், கொஞ்சம் நின்று டார்ச்சைத் தரையில் அடியுங்கள். மேடுமேடாகக் குவிந்த எச்சத்தின்மேல் கரப்பான்கள் மொய்த்துக் கிடக்கும். வெயிலே படாத இடத்தில் இத்தனை உயிர்களுக்கு உணவு எங்கிருந்து வருகிறது? வௌவால் இரவில் காட்டுக்குப் போய்ப் பூச்சிகளைத் தின்று, பகலில் இங்கே எச்சமிடுகிறது. அந்த எச்சத்தில் கரப்பானும் வண்டும் பிழைக்கின்றன. இருட்டில் 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பி, எதிரொலியால் வழி கண்டுபிடிக்கும் உழவாரன் குருவிகளும் இதே குகைகளில் கூடு கட்டுகின்றன. அவற்றைப் பிடித்துத் தின்னக் குகைப் பாம்பு பாறைச் சுவரில் காத்திருக்கும்.

தெற்கு வாசலின் விளிம்பு ஆபிரகாம் லிங்கனின் பக்கவாட்டு முகம்போல் தெரிவதால் எல்லாரும் அதைத்தான் படமெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், குகை வாசல்களில் ஒற்றை இலையோடு வாழும் சிறு செடிகளைத்தான் முதலில் காட்டுவேன். மங்கிய வெளிச்சத்தில் ஒரே ஓர் இலையை மட்டும் பெரிதாக விரித்து, வாழ்நாள் முழுவதும் அதை வைத்தே பிழைக்கும் செடி அது.

மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் குகைக்கு எதிரே உள்ள திறந்த வெளியில் உட்காருங்கள். முதலில் வௌவால் கூட்டம் ஒன்று புகைக் கீற்றுபோல் வாசலில் சுழலும். பிறகு அது நீண்டு, நெளிந்து, கருநிற நாடாவாகக் காட்டின்மேல் போகும். ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டங்கள் வந்துகொண்டே இருக்கும். வாசலருகே வௌவால்பருந்து காத்திருக்கிறது. வௌவால்கள் சுருண்டு சுருண்டு நெருக்கமாகப் பறந்தால் பருந்துக்கு ஒன்றைக் குறிவைத்துப் பிடிப்பது கடினம். ஒரு வௌவால் 5 கிராம் பூச்சி தின்றாலே, 30 இலட்சம் வௌவால்களுக்கு ஓர் இரவில் 15 டன். அத்தனையும் சுற்றியுள்ள காடு தர வேண்டும்.

மழை பெய்தால் வௌவால்கள் வெளியே வராமல் போகலாம். முலுவில் மழை எப்போது வேண்டுமானாலும் வரும். ஆகவே போகிறவர்கள் குறைந்தது இரண்டு இரவாவது தங்கும்படி திட்டமிடுங்கள்.