குளக்கரை ஊரின் நாளை

மாத்தளை என்றவுடன் மிளகுக் கொடியும் கொக்கோ மரமும் தேயிலைச் சரிவும் நம் நினைவில் எழுகின்றன. மாவட்டத்தின் தென்பகுதிக்கு இவ்வருணனை பொருந்தும். வடக்கே நாவுலையைத் தாண்டித் தம்புள்ளைப் பக்கம் சென்றாலோ நிலத்தின் இயல்பே வேறாகின்றது. அது மழை குறைந்த உலர் வலயம். அங்கே குளம் இன்றேல் ஊர் இல்லை. சில மாதங்களே பெய்யும் மழையைத் தேக்கி ஆண்டு முழுவதும் வாழவேண்டிய மக்கள், எதிர்காலத்தைப் பற்றிச் சிந்தியாமல் ஒரு போகத்தையேனும் கடக்க இயலாது. ஊரைத் திட்டமிடுதல் என்பது இக்கால அலுவலகங்களில் பிறந்த கலை என்று எண்ணுவோர் இதனை நோக்குதல் வேண்டும்.

பழைய குளம் ஒன்றின் அமைப்பைக் காண்போம். நீர் வந்து சேரும் மேற்புறத்தில் ஒரு மரச்சோலை விடப்பட்டிருக்கும். சிங்களத்தில் அதனைக் ‘கஸ்கொம்மன’ என்பர். காற்றின் வேகத்தைத் தணித்து நீர் ஆவியாவதைக் குறைப்பது அதன் பணி. அதனை அடுத்துள்ள புல்வெளி வண்டலை வடிகட்டும். குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே ‘கட்டக்கடுவ’ எனும் புதர்க்காடு உண்டு. கசியும் நீரிலுள்ள உப்பு வயலைச் சேராவண்ணம் அது காக்கும். ஒரு குளத்தின் மிகைநீர் கீழேயுள்ள குளத்திற்குப் பாயும். இத்தொடர்க்குள முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

மண்ணும் மரமும் மாத்திரம் குளத்தைக் காத்துவிடவில்லை. ஊரவரின் ஒப்பந்தமே அதனைக் காத்தது. போகம் தொடங்குமுன் கமக்காரர் கூடி, என்று நீர் திறப்பது, எவ்வளவு நிலம் விதைப்பது என்று முடிவு செய்வர். நீர் குறைந்த ஆண்டில் ‘பெத்ம’ என்னும் வழக்கம் நடைமுறைக்கு வரும். குளத்திற்கு அண்மையிலுள்ள வயல்களை மட்டும் பண்படுத்தி, தூரத்து வயலுக்குரியவர்க்கும் அவற்றில் பங்கு கொடுப்பர். வறட்சியில் ஒருவன் மட்டும் வாழ்தல் ஆகாது என்பதே இதன் உட்பொருள். இதனினும் சிறந்த ஊர்த்திட்டம் யாது?

இவ்வொழுங்கு காலப்போக்கில் தளர்ந்தது. 1832 இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டபோது, கட்டாய வேலையின் கொடுமை நீங்கியது உண்மை. ஆயினும் குளத்தைச் செப்பனிடும் பொதுக்கடமையும் உடன் நலிந்தது. அதனை உணர்ந்தே 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் உயிரூட்ட முயன்றது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வயல் விதானையின் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இன்று கமக்காரர் அமைப்புகள் இயங்குகின்றன. சட்டம் வாசலைத் திறந்து வைக்கலாம். உள்ளே நுழைய வேண்டியவர் ஊரவரே.

நுழையாவிடின் நேர்வது என்ன? கண்டலமைக் குளக்கரையில் பெரிய உல்லாச விடுதி ஒன்று அமைக்க 1990களின் தொடக்கத்தில் முடிவாயிற்று. குளநீர் மாசடையும் என்று அஞ்சிய மக்களும் தம்புள்ளை விகாரையைச் சார்ந்த துறவிகளும் கிளர்ச்சி செய்தனர். 1994 இல் விடுதி திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, மலையிலிருந்து வடியும் மழைநீர் அடியில் செல்லுமாறு கட்டடத்தைத் தூண்களின் மேல் உயர்த்தினார். அது இன்று உலகப் புகழ் பெற்றது. எனினும், ஊரவரின் குரல் முதல் வரைபடத்திலேயே இடம்பெற்றிருப்பின் அத்துணைக் கசப்புக்கு இடமிருந்திராது.

லக்கலவின் கதை இன்னும் கனமானது. களுகங்கை நீர்த்தேக்கம் 2018 இல் நிரப்பப்பட்டபோது பழைய லக்கல பல்லேகம நீருக்குள் ஆழ்ந்தது. வேறிடத்தில் புதுநகர் எழுந்தது. பல்லாயிரம் ஏக்கர் வயலுக்கு நீர் வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு கொடுக்கலாம். அயலுக்கு அயலை எவ்வாறு கொடுப்பது?

ஆதலின் ஒவ்வொரு குளக்கரை ஊரும் தன் விருப்பத்தை முன்னதாகவே எழுதி வைத்தல் நன்று. குளத்தின் எல்லைக் கற்கள் எங்கே, எந்தச் சோலையை வெட்டலாகாது, விருந்தினர் விடுதிகளின் கழிவுநீர் எங்கே செல்லவேண்டும், நிலமற்ற இளைஞர்க்கு மீன்பிடியிலும் படகுத் தொழிலிலும் என்ன பங்கு என்பன அதில் இடம்பெற வேண்டும். குடிநீர் சுமக்கும் பெண்கள் அக்கூட்டத்தில் அமர்ந்து பேச வேண்டும். முடிவைப் பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் கையளித்தால், பின்னர் வருவோர் வெற்றுத் தாளில் கோடு கிழிக்க மாட்டார்கள்.

மாணவர்க்கு இதில் அரிய பணி ஒன்றுண்டு. விடுமுறையில் ஊர் முதியோரிடம் குளத்தின் பழைய கரையையும், அழிந்துபோன வாய்க்கால்களையும் கேட்டு ஒரு படம் வரைக. அறிந்தவர் மறைந்தபின் அப்படத்தை வரைய எவராலும் இயலாது.