பெற்றோர் கொடுப்பது தானமா, கடனா?

1956-ஆம் ஆண்டில் நிறைவேறிய இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20-ஆம் பிரிவைச் சற்று நிதானமாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு விசித்திரம் புலப்படும். ஊண், உடை, உறையுள், வைத்தியம் ஆகியவற்றோடு கல்வியையும் ஜீவனாம்சத்தின் அங்கமாக ஏற்றுக்கொண்டிருக்கும் அந்தச் சட்டம், மகனுக்கு அவற்றை அளிக்கும் கடமையை அவன் மைனராக இருக்கும் காலத்தோடு, அதாவது பதினெட்டு வயதோடு, முடித்துவிடுகிறது; தன் சம்பாத்தியத்தாலும் சொத்தாலும் ஜீவிக்க இயலாத மணமாகாத மகளுக்கு மட்டும் அந்த உரிமையை அதற்கப்பாலும் நீட்டித்து வைக்கிறது. பிள்ளைகள் கல்லூரியில் காலெடுத்து வைக்கிற வயதும் ஏறக்குறைய அந்தப் பதினெட்டுத்தான். ஆகையால், மகனைப் பட்டதாரியாக்கியே தீரவேண்டும் என்று நம்மவர்கள் படுகிற பிரயாசை சட்டத்தின் நிர்ப்பந்தத்தால் வந்ததன்று. பாசத்தாலும், ஊர் வழக்கத்தாலும், வெளியில் சொல்லிக்கொள்ளாத கொஞ்சம் அந்தஸ்து ஆசையாலும் வந்தது. வயது முதிர்ந்து தளர்ந்த பெற்றோரைக் காப்பாற்றும் பொறுப்பையும் சட்டமியற்றியவர்கள் இதே 20-ஆம் பிரிவில்தான் பிள்ளைகள்மேல் சுமத்தியிருக்கிறார்கள். நம் வீடுகளிலும் அப்படித்தான். முதற்கடமையைச் செய்யும்போதே இரண்டாவது கடமையைப் பற்றிய எதிர்பார்ப்பும், வாய்விட்டுச் சொல்லப்படாமல், கூடவே இருந்துகொண்டிருக்கிறது.

பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்காகப் பெற்றோர் சேமித்து வைத்துக் கட்டணம் கட்டவேண்டுமா என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் இது ஒரு கேள்வியா என்று முகம் சுளிப்பார்கள். சேமிக்கவேண்டும், தாராளமாகக் கட்டலாம் என்பதே என் அபிப்பிராயமும். ஆயினும் எவ்வளவு என்பதற்கு ஓர் எல்லை உண்டு. திரும்பி வரும் என்ற நினைப்பே இல்லாமல், இழந்தாலும் தங்கள் வயோதிகம் தள்ளாடாத அளவுக்கு, எவ்வளவு தொகையைத் தானமாகக் கொடுத்துவிட முடியுமோ அவ்வளவைப் பெற்றோர் கொடுக்கலாம். அதற்கு மேற்பட்டது கடனாகத்தான் இருக்கமுடியும் என்பதால், அதைக் கடன் என்றே பெயரிட்டு, படிக்கிறவன் பெயரிலேயே வாங்குவதுதான் நியாயம்.

சேமிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள், சேமிக்க ஏதுமில்லாத வீடுகளை முதலில் விலக்கிவிட்டுப் பேசவேண்டும். 1904-ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்த சீனிவாச ராமானுஜத்தின் தகப்பனார், துணிக் கடையொன்றில் கணக்கெழுதி மாதம் 20 ரூபாய் சம்பாதித்தவர். கல்லூரியின் பயிற்சிக் கட்டணமோ பருவம் ஒன்றுக்கு 32 ரூபாய். கணிதம் தவிர மற்றவற்றில் கவனம் செல்லாமையால் உபகாரச் சம்பளம் பறிபோனபோது, தாயார் கோமளத்தம்மாள் நேரில் சென்று கல்லூரித் தலைவரிடம் வாதாடிப் பார்த்தும் பயனில்லாமல், பிள்ளையாண்டான் 1905-இல் வீட்டுக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டான். ஒன்றரை மாதச் சம்பளத்தைப் பருவத்துக்குப் பருவம் எடுத்து வைக்கும்படி அந்தக் குடும்பத்துக்கு யார் புத்தி சொல்லமுடியும்? பிறகு அவர் சேர்ந்து படித்த பச்சையப்பன் கல்லூரியின் மூலதனம், 1794-இல் காலமான பச்சையப்ப முதலியார் தர்ம காரியங்களுக்காக விட்டுச்சென்ற பொருளின் உபரி. இத்தகைய வீடுகளின் பிள்ளைகளைப் படிக்க வைப்பது சர்க்காரின் வேலை, தர்மவான்களின் வேலை. அதைப் பெற்றோரின் சிக்கன புத்தியோடு சேர்த்துப் பேசுவது கொடுமை.

தமிழ்நாட்டில் சர்க்கார் அந்த வேலையை முற்றிலும் கைவிட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை. அரசு கலைக் கல்லூரிகளில் செலவு இன்றும் அற்பமே. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, கலந்தாய்வின் மூலம் தொழிற்கல்வியில் சேர்ந்தால் பயிற்சிக் கட்டணத்தில் சலுகை என்பது 2010-ஆம் ஆண்டில் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகிதம் ஒதுக்கி, அவர்களுடைய கட்டணத்தையும் அரசே ஏற்பது 2021-இல் வந்தது. எனினும் 1984-ஆம் ஆண்டு முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு இடம் கொடுக்கப்பட்ட பிறகுதான், கட்டணம் என்பது நடுத்தரக் குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயமாயிற்று. 1992-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று நன்கொடை வசூலிப்பதைத் தடுக்கிறது. ரசீதில்லாமல் பணம் கொடுத்ததாகச் சொல்லும் தகப்பன்மார்களை மட்டும் அந்தச் சட்டத்தால் தடுக்கமுடியவில்லை. கலந்தாய்வில் கிடைத்த இடத்தை வேண்டாமென்று தள்ளி, பெயருள்ள கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்காக நிலத்தை விற்கிற மனிதரை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் செய்வதைத் தியாகம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

தியாகம் என்ற சொல்லுக்கு உரிய நிகழ்ச்சி ஒன்று நம் எல்லோருக்கும் தெரியும். ராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாமுக்குக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது சேர்க்கைக்குச் சுமார் 1,000 ரூபாய் தேவைப்பட்டது. தகப்பனாரிடம் அவ்வளவு இல்லை. தமக்கை ஜோஹரா தம்முடைய தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் தமக்கையின் அன்பைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வளையல்களைத் தம் சம்பாத்தியத்தில் தாமே மீட்டுத் தருவதென்று கலாம் அன்றே சங்கற்பம் செய்துகொண்டதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார் என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கொடுத்தவர் கேட்கவில்லை, வாங்கியவருக்கோ, தன் படிப்புக்கு எதை அடகு வைத்தார்கள், அதன் பெறுமானம் என்ன என்ற கணக்கு ஐயந்திரிபறத் தெரிந்திருந்தது. நம்முடைய வீடுகளில் நடப்பது இதற்கு நேர் எதிரிடை. "நீ படிக்கிற வேலையைப் பாரு, பணத்தைப் பத்தி உனக்கென்ன?" என்று பிள்ளையின் வாயை அடைத்துவிட்டு, எங்கெங்கோ கைமாற்று வாங்கி, அவன் அறியாமலே அவனைக் கடனாளியாக்கிவிட்டு, அவன் முதல் சம்பளம் வாங்கிய மறுமாதம் கணக்கைப் பிரிக்கிறார்கள். பந்தியில் உட்காரவைத்து வயிறாரப் பரிமாறிவிட்டு, கை கழுவி வருகிறவனிடம் சாப்பாட்டுக்குப் பில் நீட்டுகிற காரியமாகும் இது.

அந்தக் கணக்கு எல்லோர் வீட்டிலும் பிள்ளையிடமே தீர்க்கப்படுவதாகவும் எண்ணிவிடக்கூடாது. ஆண்பிள்ளையின் கல்லூரிச் செலவை முடிவில் யார் ஏற்கிறார்கள் என்று விசாரிக்கப் புகுந்தால், அதற்குரிய விடை கல்யாணப் பேச்சு நடக்கும் கூடத்தில் கிடைக்கும். "பையன் படிப்புக்கு நாங்க பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா!" என்று பிள்ளையின் தாயார் யாரையும் குறிப்பிடாமல் பொதுவில் ஒரு வார்த்தையைப் போட்டு வைப்பார்; "நாங்களா எதுவும் கேக்க மாட்டோங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று தகப்பனார் அதற்கு மெருகு ஏற்றுவார்; பெண் வீட்டார் சவரன் கணக்கை மனத்துக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொள்வார்கள். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. இருந்தும், பருவம் பருவமாகக் கட்டிய பணம் வட்டியும் முதலுமாக வசூலாகிவிடுகிறது. கொடுக்கிறவர் மட்டும் வேறொருவர். தம் பெண்ணையும் தாமே செலவிட்டுப் படிக்கவைத்த ஒரு கிருகஸ்தர், மாப்பிள்ளையின் கல்லூரிக்கும் சேர்த்துக் கட்டணம் கட்டுகிறார்! இதைவிட விபரீதமான உபகாரச் சம்பள ஏற்பாடு உலகத்தில் வேறெங்காவது உண்டா என்பது சந்தேகந்தான்.

பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் இந்த விபரீதத்துக்கு இருபது வருஷம் முன்கூட்டியே தயாராகத் தொடங்குவதால், அவர்களுடைய சேமிப்பு சீட்டாகவும் நகையாகவும் கல்யாணத்தை நோக்கியே ஓடுகிறது; படிப்புக்கென்று கேட்கும்போது பெட்டியில் தங்கம் இருக்கும், பணம் இருக்காது. சர்க்காரும் வெகுகாலம் இவ்வழியிலேயே சென்றது. 1989-ஆம் ஆண்டில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரால் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டு, தொகை வளர்ந்து, பிற்பாடு தாலிக்குத் தங்கமும் அதனுடன் சேர்ந்தது. 2022-இல் அதே அம்மையாரின் பெயரில் இருந்த அத்திட்டத்தை உயர்கல்வித் திட்டமாக மாற்றி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்குக் கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். அதுதான் புதுமைப் பெண் திட்டம். தாலிக்குத் தங்கம் வைத்திருந்த இடத்தில் புத்தகத்துக்குப் பணம் வைத்த இந்த மாறுதலை, அண்மைக் காலத்தில் நம் அரசு செய்த உத்தமமான காரியங்களுள் ஒன்றாக நான் மதிக்கிறேன். வீடுகளும் அதைப் பின்பற்றலாம். 2015-இல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பெண்ணுக்குப் பத்து வயது நிரம்புமுன் அஞ்சலகத்தில் ஆரம்பித்தால், அவளுக்குப் பதினெட்டு ஆனபின் இருப்பில் பாதி வரையில் உயர்கல்விக்கு எடுத்துக்கொள்ள இடம் உண்டு; அதே பணத்தைக் கல்யாணத்துக்கும் எடுக்கலாம் என்பதால், எதற்கு எடுப்பது என்பதைத் தாயும் தகப்பனும் முன்னாலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

சேமிப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியதில்லை. சீக்கிரம் தொடங்கினால் போதும். பொது வருங்கால வைப்பு நிதி என்னும் பி.பி.எஃப். கணக்கில் மாதம் 2,000 ரூபாய் வீதம் 15 வருஷம் போட்டு வந்தால், போடுகிற தொகை 3,60,000, இப்போதுள்ள 7.1 சதவிகித வட்டி நீடிக்குமானால் கைக்கு வருவது சுமார் 6,30,000. அங்கீகாரம் பெற்ற பொறியியல் பாடங்களுக்குக் கலந்தாய்வு இடத்தில் 2017-இல் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் வருஷத்துக்கு 55,000 ரூபாய் என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தால், விடுதி, பேருந்து, பரீட்சைக் கட்டணம், நாளடைவில் ஏறும் விலைவாசி ஆகிய எல்லாவற்றையும் கணக்கில் கொண்டாலும், சாதாரணச் சம்பளக்காரருடைய சேமிப்பு எட்டாத இடம் அன்று அது. ஆனால் இந்தக் கணக்கு, பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போது போடப்பட வேண்டிய கணக்கு. பிளஸ் டூ பரீட்சை முடிவு வந்தபின் போடுகிறவருக்கு நகைக்கடனைத் தவிர வேறு உபாயம் தோன்றாது.

கையிருப்புக்கு மேல் தேவைப்படுகிறவர்களுக்கு வங்கியின் கல்விக் கடன் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, பிற்பாடு திருத்தப்பட்ட மாதிரித் திட்டத்தின்படி 7.5 லட்ச ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை; படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரையில் தவணை கட்ட வேண்டியதில்லை; அதன்பின் 15 வருஷம் வரை அவகாசம் உண்டு. வருஷ வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் படிக்கும் காலத்து வட்டியில் மத்திய அரசின் மானியம் 2009 முதல் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு, படிக்கும் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதைக் கடன் வாங்கியபின் அறிந்து திடுக்கிடுகிறவர்கள் அநேகர். கடன் மாணவன் பெயரில் இருந்தாலும் பெற்றோரும் கூடக் கையெழுத்துப் போடுகிறார்கள். தவணை தவறினால் தகப்பனாரின் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே விழும். ஆகவே இது பெற்றோரை முற்றிலும் விடுவிக்கிற ஏற்பாடு என்று நினைக்கலாகாது. ஆயினும் தன் படிப்பின் விலை தன் பெயரில் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கிற இளைஞன், எந்தப் பாடத்தை எந்தக் கல்லூரியில் படிப்பது என்று ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பான். அந்த யோசனைக்காகவே ஒரு சிறு பங்கையாவது கடனாக வாங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

படிப்புக்குக் கடன் கொடுப்பவர்கள், இனி வரப்போகும் சம்பாத்தியத்தை நம்பிக் கொடுக்கிறார்கள். அறுபது வயதில் ஓய்வு பெற்றவருக்கு அப்படிக் காட்டுவதற்குச் சம்பாத்தியம் எதுவும் மிச்சமில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, கைவிட்ட பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கோரி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். முறையிட்டு ஜயிக்கவும் செய்யலாம். ஆனால் பெற்ற பிள்ளையின்மேல் மனுப்போட எத்தனை தாய்மாருக்கு மனம் துணியும்? சேமநல நிதியையும் குடியிருக்கும் வீட்டையும் தொட்டுப் படிக்கவைக்கிற பெற்றோர், அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போகவும் மனமில்லாமல், போகாமல் இருக்கவும் வழியில்லாமல் நிற்கிற நிலையைத் தாங்களே தேடிக்கொள்கிறார்கள்.

எனவே, பதினோராம் வகுப்பில் பிள்ளை சேர்கிற மாதத்திலேயே, பையனானாலும் பெண்ணானாலும், வீட்டில் உட்காரவைத்து பாஸ்புத்தகத்தைப் பிரித்துக் காட்டுங்கள். "இவ்வளவுதான் உன் படிப்புக்கு எங்களால் ஆனது, இது உனக்கே, இதை ஒரு நாளும் திருப்பிக் கேட்கமாட்டோம். இதற்கு மேல் ஆகிற படிப்பு உன் பெயரில் கடன்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொன்ன வார்த்தையைப் பிள்ளையிடம் மட்டுமன்றி, நாளைக்கு வரப்போகும் சம்பந்தியிடமும் காப்பாற்றுங்கள்.