குள்ளர் வீடும் கம்ப்யூட்டரும்



பழைய கட்டிடக்கலை என்றதும் நம் நினைவுக்கு வருவது தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம், மதுரைக் கோபுரங்கள். தப்பில்லை. ஆனால் அந்தக் கோபுரங்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கல்லை நிமிர்த்தி, அதன் மேல் கல்லைப் பரப்பிக் கூரை போட்டவர்கள் எங்கள் பழனி மலையில் இருந்திருக்கிறார்கள். நான் ஆடலூர்க்காரன். பன்றிமலை, ஆடலூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று காபியும் மிளகும் மலைவாழையும் விளைகிற கீழ்ப்பழனி மலை எங்கள் பக்கம். இந்த மலைகளில் பாறை மேடுகளில் நிற்கும் கல் அறைகளை ‘குள்ளர் வீடு’ என்பார்கள் பெரியவர்கள். ‘பாண்டவர் வீடு’ என்று சொல்பவர்களும் உண்டு. தொல்லியல் படித்தவர்கள் சொல்லும் பெயர் கல்திட்டை.

இந்தக் கல்திட்டைக்கும் நம் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம், அதில் டிப்ளமோ படிக்கிற நமக்கு என்ன வேலை என்பதைச் சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

சிமெண்ட் இல்லாத வீடு

கல்திட்டை என்பது பலகைக் கற்களை மூன்று பக்கமோ நான்கு பக்கமோ செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகையை மூடியாக வைத்த அறை. இரும்புக் காலத்து மக்கள் இறந்தோருக்காக எழுப்பியவை இவை. சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை. கல்லின் எடையும், ஒன்றை ஒன்று தாங்கும் சாய்வும், சுற்றிலும் அடைத்த சிறு கற்களும்தான் பிடிப்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூடுகல் 2.5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 1.25 கன மீட்டர். கருங்கல் கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன். ஆக, மூன்று டன்னுக்கும் மேல்! கிரேன் இல்லாத காலத்தில், பாறைச் சரிவில், இதைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். ‘குள்ளர்’ என்று எப்படித்தான் பெயர் வந்ததோ!

இவற்றை முதலில் முறையாக அளந்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர். செண்பகனூரில் இருந்த இயேசு சபைத் துறவி ஆங்லேட், அவருடன் நியூட்டன். இவர்கள் எழுதிய ‘பழனி மலையின் கல்திட்டைகள்’ என்ற ஆங்கில நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் தன் 36-ஆவது ஆய்வுத் தொகுதியாக வெளியிட்டது. மலை மலையாக ஏறி இறங்கிச் சேர்த்த விவரம் அது.

அளவு இருந்தால்தான் மீட்சி

‘ஃபோட்டோ எடுத்தா போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. ஃபோட்டோவில் கல் தெரியும். கல்லின் அளவு தெரியாது. விழுந்த கல்லை மறுபடி நிறுத்த வேண்டுமானால் அது எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தது, எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்ற அளவு வேண்டும். அது இல்லாமல் நிறுத்தினால், பழையதைக் காப்பாற்றியதாக ஆகாது. நாமே புதிதாக ஒன்று கட்டியதாகத்தான் ஆகும்.

பழைய கட்டிடத்தின் மேல் ஏறி அளப்பது அந்தக் காலத்தில் உயிரோடு விளையாட்டு. 1858-இல் ஜெர்மனியில் மெய்டன்பவர் என்ற இளைஞர் வெட்ஸ்லர் நகரத்துத் தேவாலயத்தை அளக்கும்போது மேலிருந்து விழப் பார்த்தார். ‘ஏறாமலே, படத்தை வைத்தே அளந்தால் என்ன?’ என்ற யோசனை அவருக்கு அப்போதுதான் பிறந்தது. அளக்கிற கருவிக்கும் ஆபத்துதான். லாம்ப்டன் 1802-இல் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவையில், சுமார் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றினார்கள். கயிறு அறுந்து, கருவி கோயில் மேல் மோதிச் சேதமானது.

இன்று வேலை செய்யும் முறை

முறை இரண்டு. முதலாவது லேசர் ஸ்கேனர். கருவி லேசர் ஒளியை அனுப்பும். கல்லில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கும். ஒளி ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் 30 சென்டிமீட்டர் ஓடும். அந்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்காகிறது. இப்படிக் கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து கட்டிடத்தின் உருவம் கிடைக்கும். இதைத்தான் பாயிண்ட் கிளவுட், அதாவது புள்ளிக் கூட்டம் என்கிறார்கள். குஜராத்தில் பாட்டன் நகரத்து ராணி கி வாவ் என்ற படிக்கிணறு 2011-இல் இப்படி ஸ்கேன் செய்யப்பட்டது. 2014-இல் அது உலக பாரம்பரியச் சின்னம் ஆனது. பாரீஸ் நோத்ர தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற பேராசிரியர் நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகப் பதிவு செய்து வைத்திருந்தார். 2019 ஏப்ரல் 15-இல் அதன் கூரை தீயில் எரிந்தபோது, அந்தப் பதிவும் மற்றவர்கள் எடுத்த அளவுகளும் கைகொடுத்தன. 2024 டிசம்பரில் தேவாலயம் மறுபடி திறந்தது. ஆனால் ஒன்று: ஸ்கேன் அளவைத்தான் சொன்னது; மரத்தைச் செதுக்கியவர்கள் தச்சர்கள்தான்.

ஸ்கேனர் விலை பல லட்சம். நமக்குக் கட்டுப்படியாகாது. நமக்கு ஏற்றது இரண்டாவது முறை: ஃபோட்டோகிராமெட்ரி. மெய்டன்பவர் யோசனையின் இன்றைய வடிவம். ஒரு கல்திட்டைக்கு வேலை இப்படி நடக்கும்:

1. முதலில் அனுமதி. தொல்லியல் துறை, வனத்துறை, பட்டா நிலமானால் நிலக்காரர், எல்லோரிடமும் கேட்க வேண்டும்.

2. ஒரு கல்லையும் நகர்த்தாமல், கீறாமல், பக்கத்தில் ஒரு மீட்டர் அளவுகோலையும் வடக்குக் குறியையும் வைக்க வேண்டும். அளவுகோல் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் வருவது பொம்மை; பிளான் அல்ல.

3. சுற்றி நடந்து படம் எடுக்க வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் முக்கால் பங்காவது பொதுவாக இருக்கட்டும். பிறகு குனிந்து ஒரு சுற்று, உயரத்திலிருந்து ஒரு சுற்று. மேகமூட்டமான நாளே நல்லது. வெயிலில் நிழல் வெட்டும். அந்த விஷயத்தில் எங்கள் மலைக்குக் குறையே இல்லை!

4. டோட்டல் ஸ்டேஷனில் நாலைந்து புள்ளிகளை எடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

5. மெஷ்ரூம், கோல்மேப் போன்ற இலவச மென்பொருள்களில் படங்களைக் கொடுத்தால், ஒரே புள்ளியைப் பல படங்களில் தேடிக் கண்டுபிடித்து, புள்ளிக் கூட்டத்தை அதுவே கட்டித் தரும்.

அடுத்த ஆண்டு மழைக்குப் பிறகு அதே இடத்தை மறுபடி எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எந்தக் கல் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். விழுந்த கல்லைத் திரையில் பத்து விதமாகப் பொருத்திப் பார்க்கலாம். நேரில் தூக்கி நிறுத்துவது தொல்லியல் துறையின் வேலை. நாம் கை வைக்கக் கூடாது.

மலை ஏற முடியாதவர்களுக்கு

எங்கள் அப்பத்தா ஒருநாள், ‘அந்தப் பாறைக்கு விறகெடுக்கப் போவேன்டா, இப்ப முட்டி விடமாட்டேங்குது’ என்றார். சக்கர நாற்காலியில் இருப்பவர், கண் தெரியாதவர், மதுரையிலோ சென்னையிலோ படிக்கும் பிள்ளை, இவர்களுக்கும் அந்த இடம் எட்டாத தூரம்தான். திரையில் சுற்றிப் பார்க்கும் மாதிரி ஒன்று இருந்தால் அப்பத்தாவும் பார்க்கலாம். அதையே முப்பரிமாண பிரிண்டரில் அச்சிட்டால் கண் தெரியாதவர் கையால் தொட்டு அறியலாம். எங்கள் பக்கம் டவர் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆகவே சிறிய ஃபைலாகச் செய்து, பென் டிரைவில் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் எடுத்துச் சேர்த்த, லட்சத்துக்கும் மேற்பட்ட கோயில் படங்களை டிஜிட்டல் ஆக்கியிருப்பதும் இதே நோக்கம்தான்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று: உருவத்தை உலகத்துக்குக் கொடுப்போம், சரியான இருப்பிடத்தை அரசுத் துறைக்கு மட்டும் கொடுப்போம். ‘உள்ளே புதையல் இருக்கு’ என்று கடப்பாரையோடு வருபவனுக்கு நம் மேப் வழிகாட்டியாகிவிடக் கூடாது. ஒருமுறை புரட்டிப் போட்ட அறையை எந்த மென்பொருளும் பழையபடி ஆக்காது.

இரண்டு: கம்ப்யூட்டர் பதிவும் சாகும். 1986-இல் பி.பி.சி. பெரும் செலவில் லேசர் டிஸ்க்கில் ஒரு நாட்டு விவரத் தொகுப்பை வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகளில் அதைப் படிக்கக் கருவி கிடைப்பதே அரிதாகிவிட்டது. ஆனால் ஆங்லேட்டும் நியூட்டனும் 1928-இல் காகிதத்தில் அச்சிட்டதை இன்றும் புரட்டிப் படிக்கலாம். ஆகவே எல்லாரும் திறக்கக்கூடிய ஃபைல் வகை, மூன்று இடத்தில் நகல், கூடவே பிளானும் எலிவேஷனும் காகிதத்தில் ஒரு பிரதி. இது கட்டாயம்.

நமக்கு வேலை இருக்கிறது

நாம் ஆண்டுதோறும் சர்வே கேம்ப் போகிறோம். காலி மைதானத்தை அளந்து, காண்டூர் வரைந்து, மார்க் வாங்கியதும் மறந்துவிடுகிறோம். அந்த நாட்களில் ஒன்றே ஒன்றை, அனுமதியோடும் ஆசிரியர் துணையோடும், ஒரு கல்திட்டைக்குக் கொடுத்தால் என்ன? சிவில் மாணவர் அளக்கட்டும். கம்ப்யூட்டர் மாணவர் மாதிரியைக் கட்டட்டும். மெக்கானிக்கல் மாணவர் அச்சிட்டுத் தரட்டும். பிரதி ஒன்று தொல்லியல் துறைக்கு, ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று நம் நூலகத்துக்கு.

செண்பகனூர்த் துறவியிடம் ட்ரோனும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. நம் சட்டைப் பையில் கேமரா இருக்கிறது. ஒரு மழைக்காலம் போனால் ஒரு கல் சரியலாம். சரிவதற்கு முன் அளந்து வைப்போம், வாருங்கள்!