அல்லி ராஜ்ஜியத்தில் ஒரு மாப்பிள்ளை

சரித்திரத் தொடர் என்றால் நமக்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு. ராஜா இருப்பார், சதி இருக்கும், கதாநாயகி வாரக்கணக்கில் கண்ணீர் விடுவாள், நாமும் கூடவே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வோம். சீனத் தொடர்களிலும் அந்த ரகத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் சகோதரிகளே, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பார்க்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது. 2020-ம் ஆண்டு மே மாதம் சீனாவில் வெளியான ‘தி ரொமான்ஸ் ஆஃப் டைகர் அண்ட் ரோஸ்’ என்ற தொடர்தான் அது. மொத்தமே 24 பகுதிகள். சீன மொழியில் அதன் பெயருக்கு, ‘ஊரார் வாயில் அடிபடும் சென் சியன்சியன்’ என்கிற மாதிரி அர்த்தம். பெயரைக் கேட்டாலே பாதிக் கதை புரிகிறதல்லவா?

உடை, அரண்மனை, குதிரை எல்லாம் பழைய காலத்தவை. ஆனால் வருகிற நகரங்கள் இரண்டும் கற்பனை. ஆகவே சரித்திரப் பரீட்சைக்கு இது உதவாது. மனுஷ மனசைப் பற்றிய பரீட்சைக்கு நிச்சயம் உதவும்!

எழுதியவளே மாட்டிக்கொண்டாள்!

சென் சியாவ்சியன் இந்தக் காலத்துப் பெண். தொடர்களுக்குக் கதை எழுதுவது அவள் தொழில். அவள் எழுதிய காதல் கதையில் நடிக்க வந்த கதாநாயகன், இந்தக் காதல் நம்பும்படியாகவே இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறான். சொன்னதில் தப்பும் இல்லை. அவள் யாரையும் காதலித்ததே கிடையாது. ரோஷத்தோடு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கதையைத் திருத்துகிறாள். அப்படியே கண்ணயர்ந்து, விழித்துப் பார்த்தால், அடேயப்பா! தான் எழுதிய கதைக்குள்ளேயே கிடக்கிறாள்.

அதுவும் கதாநாயகியாக இல்லை. ஊரே வெறுக்கிற அடங்காப்பிடாரியான மூன்றாவது இளவரசி சியன்சியனாக! மூன்றாம் பகுதியிலேயே செத்துப்போகட்டும் என்று அவளே எழுதிவைத்த பாத்திரம் அது. கொல்லப்போகிறவன் யார்? கட்டிக்கொண்ட புருஷனேதான்.

அந்தப் புருஷன் ஹான் ஷுவோ, ஷுவான்ஹு நகரத்தின் இளவரசன். பிறவியிலேயே இதயக்கோளாறு உள்ளவன். அதற்கு மருந்தான ‘டிராகன் எலும்பு’ ஹுவாயுவான் நகரத்தில் இருக்கிறது. அதைக் கவர்ந்து போகத்தான் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறான். வந்த இடத்தில் மூன்றாவது இளவரசி கண்ணில் பட்டு, வலுக்கட்டாயமாக மாப்பிள்ளை ஆக்கப்படுகிறான். கல்யாண ராத்திரி அவள் மதுவில் விஷம்.

எழுதினவளுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியுமே! உயிர் பிழைக்க அவள் கண்டுபிடித்த வழிதான் சிரிப்பு. கதைப்படி ஹான் ஷுவோ இரண்டாவது இளவரசி சூசூவைத்தானே காதலிக்க வேண்டும்? சரி, நாமே சேர்த்துவைத்துவிடலாம் என்று கிளம்புகிறாள். அவள் எவ்வளவுக்கு எவ்வளவு அவனை அக்கா பக்கம் தள்ளுகிறாளோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவன், ‘நம்மீது உயிரையே வைத்திருக்கிறாள், அதனால்தான் இத்தனை தியாகம்’ என்று உருகுகிறான். கூடவே இருக்கும் வேலைக்காரன் பய் ஜி வேறு ஒவ்வொன்றுக்கும் தப்பர்த்தம் சொல்லி எண்ணெய் ஊற்றுகிறான். சியன்சியனாக வரும் ஜாவ் லூசியின் திருட்டு முழியும், ஹான் ஷுவோவாக வரும் டிங் யூஷியின் விறைப்பும் ஜோடி சேர்ந்தால் கேட்க வேண்டுமா? பிரமாதம்!

பெண்கள் ஆளும் ஊர்

ஹுவாயுவான் நகரம் பக்காவான அல்லி ராஜ்ஜியம். ஆட்சி செய்வது பெண், பதவிகளில் பெண், பட்டத்துக்கு வாரிசும் பெண். ஆண் பிள்ளைக்கு அடக்கம்தான் அழகு. படிப்பு எதற்கு, நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தால் போதாதா என்று அங்கே பேசப்படுவது மகன்களைப் பற்றி. தெருவில் ஒரு பையனைப் பெண்கள் சீண்டினால், இவன் ஏன் இந்த நேரத்தில் வெளியே வந்தான் என்று பையனைத்தான் கேட்கிறார்கள்.

முதலில் நமக்குச் சிரிப்பு தாங்காது. கொஞ்ச நேரம் கழித்து, இந்த வார்த்தைகளையெல்லாம் எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றும். நம் காதுக்குப் பழகிப்போன வார்த்தைகள், ஓர் ஆணின் தலையில் ஏறியவுடன் வேடிக்கை ஆகிவிடுகின்றன. வேடிக்கை வார்த்தையில் இல்லை, இடம் மாறியதில்தான் இருக்கிறது.

இந்த யுக்தி சீனர்களுக்குப் புதிதல்ல. சுமார் 200 வருஷங்களுக்கு முன் லி ருஜென் என்ற எழுத்தாளர் ‘கண்ணாடியில் மலர்கள்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு பெரிய நாவல் எழுதினார். அதில் லின் என்ற வியாபாரி பெண்கள் நாட்டுக்கு அழகு சாமான் விற்கப் போகிறார். அங்கே ராஜாவாக இருக்கும் பெண்மணிக்கு அவரைப் பிடித்துவிடுகிறது. பிடித்து உள்ளே கொண்டுபோய்க் காது குத்தி, பாதத்தைத் துணியால் இறுகக் கட்டிவிடுகிறார்கள். மனுஷர் வலியில் அலறுகிறார். அந்தக் காலச் சீனாவில் சின்னப் பெண்களின் பாதங்களை அப்படித்தான் கட்டி ஒடுக்கினார்கள். அழகு என்று பெயர்! அந்த வழக்கத்துக்குச் சீனக் குடியரசு தடை விதித்தது 1912-ல்தான். பெண் அலறினால் கேட்காத காதுக்கு, ஓர் ஆணை அலறவிட்டுக் காட்டினார் லி ருஜென். தொடரும் அந்த வழியில்தான் போகிறது, சிரித்துக்கொண்டே.

அதற்காக அல்லி ராஜ்ஜியமே சொர்க்கம் என்று கதை சொல்லவில்லை. ஷுவான்ஹுவில் ஆண் வைத்ததே சட்டம், பெண்ணுக்கு வாயில்லை. ஹுவாயுவானில் அதுவே தலைகீழ். இரண்டும் ஒரு பக்கம் சாய்ந்த தராசுதான். அதனால்தான் சியன்சியன், தான் சுகமாக இருக்கக்கூடிய ஊரிலேயே, ஆண்களுக்கும் சம நியாயம் வேண்டும் என்று பேசுகிறாள்.

இரண்டு பேர், ஒரு மனசு

இப்போது முக்கோணத்துக்கு வருவோம். மூன்றாவது மூலை பெய் ஹெங். படித்தவன், பண்பானவன், குரலை உயர்த்தத் தெரியாதவன். சியன்சியனுக்கு என்று முன்பே நிச்சயம் செய்யப்பட்டவன். பழைய சியன்சியனின் அட்டகாசத்தைப் பார்த்து அவன் ஒதுங்கியே இருந்தான். ஆள் மாறியதைக் கண்டு மனசைப் பறிகொடுக்கிறான். ஆனால் அதற்குள் ஹான் ஷுவோ வந்தாயிற்று.

எங்கள் தெருவில் இந்தத் தொடரைப் பார்த்த நாலைந்து பேருக்குள் இதில் பெரிய பட்டிமன்றமே நடந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, “போங்கக்கா, விஷம் வைக்க வந்தவனைப் போய் எப்படிப் பிடிக்கும்? பெய் ஹெங்கைக் கட்டிக்கிட்டா நிம்மதியா இருக்கலாம்” என்றாள். நியாயமான பேச்சு. நம்மிடம் சம்பந்தம் பேச வந்தால் நாமும் பெய் ஹெங்குக்குத்தான் ஓட்டுப் போடுவோம்.

என் அபிப்பிராயம் வேறு. அவன் நல்லவன் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவன் நல்லவனாக இருப்பதற்குக் கூலியாகப் பெண் தன் மனசைக் கொடுத்தாக வேண்டுமா? சியன்சியன் அவனை மதிக்கிறாள், அவனிடம் நன்றி பாராட்டுகிறாள். அது வேறு, இது வேறு. ஹான் ஷுவோ முன்கோபி, சந்தேகப்பிராணி. ஆனால் கொல்ல வந்தவன் அவளைப் பார்த்துப் பார்த்தே மாறுகிறான். பெண்ணுக்கு அடங்குவதே அவமானம் என்று வளர்ந்தவன், அவள் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கக் கற்றுக்கொள்கிறான். எழுதினவள் போட்டுவைத்த ஜோடி ஒன்று, பெரியவர்கள் செய்த நிச்சயம் ஒன்று. மனசு இரண்டையும் விட்டுவிட்டுத் தன் வழியில் போகிறது. எழுதிய கையாலேயே அதை நிறுத்த முடியவில்லை.

பாவம், சூசூ

எல்லோரும் முக்கோணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதிகம் வலித்தது சூசூவுக்காக. கதைப்படி அவள்தான் உண்மையான கதாநாயகி. சமர்த்து, உழைப்பாளி, பொறுப்பானவள். தங்கை ஆட்டம் போட்டபோதும் கடமை தவறாதவள். திடீரென்று அந்தத் தங்கையின் பக்கமே எல்லோரும் சாய்கிறார்கள். நான் என்ன தப்பு செய்தேன் என்று அவள் மனசு கசக்க ஆரம்பிக்கிறது. கடைசியில் அந்தக் கசப்பே அவளைப் பொல்லாதவள் ஆக்குகிறது.

இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள தாய்மார்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். வீட்டிலே ஒன்றுக்கு ‘சமர்த்து’ என்றும் இன்னொன்றுக்கு ‘வாலு’ என்றும் நாமே பேர் வைத்துவிடுகிறோம். வால் கொஞ்சம் அடங்கினால் கொண்டாடித் தீர்க்கிறோம். சமர்த்தாகவே இருக்கிற குழந்தையை யார் தட்டிக்கொடுக்கிறார்கள்? அது சமர்த்தாக இருப்பது அதன் கடமை என்று விட்டுவிடுகிறோம். சியாவ்சியன் காகிதத்தில் பாத்திரம் எழுதினாள். நாம் பிள்ளைகள் தலையில் எழுதுகிறோம். ‘ஆம்பளைப் பையனுக்கு அடுப்படியில் என்ன வேலை?’ என்பதும் அப்படி எழுதுகிற ஒரு வரிதான்.

எப்படிப் பார்ப்பது?

ஒவ்வொரு பகுதியும் சுமார் முக்கால் மணி நேரம். பேசுவது சீன மொழி என்பதால் கீழே ஓடும் எழுத்தைப் படித்தாக வேண்டும். காய் நறுக்கிக்கொண்டே பார்த்தால் விரல்தான் நறுங்கும்! குழந்தை தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. பின்பாதியில் நகரச் சண்டை, சதி என்று கொஞ்சம் கனம் ஏறுகிறது. அங்கே சலிப்பு தட்டினாலும் விட்டுவிடாதீர்கள். முடிவை நான் சொல்லப்போவதில்லை.

ஒரே ஒரு யோசனை. முதல் இரண்டு பகுதியையாவது வீட்டுக்காரரையும், வளர்ந்த பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். அவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் சட்டென்று சிரிப்பை நிறுத்துகிறார்கள் என்று ஓரக்கண்ணால் கவனியுங்கள். தொடரைவிட அது இன்னும் சுவாரஸ்யம்!