கொதித்த வண்டியும் குளிர்ந்த மனமும்

நம் சங்க நண்பர்கள் பலருக்கு என் அம்பாசடரைத் தெரியும். விழா நாட்களில் மண்டப வாசலில் வெள்ளை நிறத்தில் நிற்கும் அந்த 1972ஆம் ஆண்டு மார்க் 2 வண்டி என் மாமனார் வாங்கியது. கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1957 முதல் 2014 வரை அம்பாசடர் கார்கள் தயாராயின. என் வண்டிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அது சென்ற கோடையில் என் மானத்தை நடுரோட்டில் வாங்கிய கதையையும், அதிலிருந்து நான் கற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

சேலத்தில் ஒரு திருமணம் முடிந்து மனைவி, மகன், பேரனுடன் பெங்களூர் திரும்பிக்கொண்டிருந்தோம். தொப்பூர் கணவாயில் ஏறும்போது வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. அடுத்த நிமிடம் பானெட் இடுக்கெல்லாம் ஆவி. ஓரம் கட்டி நிறுத்தினேன். நான் இறங்குவதற்குள் மகன் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்துவிட்டான். "தொடாதே!" என்று நான் போட்ட கூச்சலில் பேரன் அழவே ஆரம்பித்துவிட்டான். அந்தக் கூச்சல் மட்டும் அரை நிமிடம் தாமதித்திருந்தால், இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

காரணத்தைச் சொல்கிறேன். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. அதனுள் ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கிறது. அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலையும் கூடும். நம் பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியில் 7 என்று எழுதியிருந்தால், அது சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம்வரை தாங்கும் என்று பொருள். அப்போது அதே தண்ணீர் ஏறக்குறைய 109 டிகிரிவரை கொதிக்காமல் இருக்கும். சூடான நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும். உள்ளிருக்கும் நீர் முழுவதும் அந்தக் கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். ஆகவே இன்ஜின் நன்றாக ஆறும்வரை, குறைந்தது முக்கால் மணி நேரம், காத்திருப்பதே ஒரே வழி.

காத்திருந்தோம். சாலையோரத் தேநீர்க் கடைக்காரர் ஒரு குடம் தண்ணீர் கொடுத்தார். ஆறிய பிறகு மூடியை மெல்லத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு மெதுவாக ஓட்டி, நள்ளிரவில் வீடு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் மனைவி ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குள் நுழையும்போது மட்டும், "அப்பா காலத்துல இது ஒரு நாளும் வழியில நின்னதில்ல" என்றாள்.

மறுநாள் காலை மகன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "அப்பா, ஒண்ணு இதைக் கொடுத்துடலாம். இல்லேன்னா புது அலுமினிய ரேடியேட்டர் போட்டுடலாம்." அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அலுமினியம் எடை குறைவு. இன்றைய கார்களில் எல்லாம் அதுதான். ஆனால் அதன் மேல்தொட்டியும் கீழ்த்தொட்டியும் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஓட்டை விழுந்தால் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான். பழைய ரேடியேட்டரோ செம்பும் பித்தளையும் சேர்ந்தது. காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். எனவே செம்புக்குச் சேதமில்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்துச் சேர்க்கலாம்.

ஜே.சி. ரோட்டில் விசாரித்து, கலாசிபாளையம் பக்கத்துச் சந்து ஒன்றில் ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்யும் பாய் ஒருவரைக் கண்டுபிடித்தேன். வயது எழுபதுக்கு மேல். கழற்றிக் கொண்டுபோன ரேடியேட்டரில் ஒரு வாளி தண்ணீரை மேலே ஊற்றி, கீழே அது வடியும் வேகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான் பரிசோதனை.

"சார், பாதி பைப்பு அடைப்பு. வண்டி மேல தப்பு இல்ல. தண்ணி மேல தப்பு."

ப்ளோ லாம்ப் கொண்டு சூடேற்றி மேல்தொட்டியைப் பெயர்த்தெடுத்துக் காட்டினார். வெந்நீர் அண்டாவின் அடியில் படிவது போலச் சுண்ணாம்புப் படிவு. அதன்மேல் இன்ஜினின் துருச்சேறு. செம்பு கடத்தும் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அந்தச் சுண்ணாம்பு கடத்தாது. பெட்ரோல் தரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கும் நீரில்தான் போய்ச் சேருகிறது. அது வெளியேற வழியை அடைத்தால் வண்டி என்ன செய்யும்?

அங்கே நான் தலைகுனிந்து நின்றேன். ஏனென்றால் அந்தச் சுண்ணாம்பு எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர். இரண்டு ஆண்டுகளாக ஊற்றியவன் நானேதான். ரயில்வேயில் டீசல் இன்ஜின்களோடு காலம் கழித்தவன் நான். டபிள்யூ.டி.எம்.2 இன்ஜினின் குளிர்விப்பு அமைப்பில் ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். உப்பு நீக்கி, துருத் தடுப்பு மருந்து கலந்து, சோதித்துப் பார்த்த தண்ணீரைத் தவிர வேறு எதையும் அதில் ஊற்ற விடமாட்டோம். 2600 குதிரைத்திறன் இன்ஜினுக்குக் காட்டிய மரியாதையைச் சொந்த வண்டிக்குக் காட்டவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது இதுதான் போலும்.

பாய் ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய தட்டைக் கம்பியை விட்டு அடைப்பை எடுத்தார். கழுவினார். தொட்டியை மறுபடி பற்றவைத்து, வாய்களை அடைத்து, காற்றேற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். இரண்டு இடத்தில் குமிழி வந்தது. துடைத்து, ஈயம் வைத்து, மீண்டும் அமுக்கினார். குமிழி இல்லை. கறுப்பு வண்ணத்தை மிக லேசாகப் பூசினார். தடிமனாகப் பூசினால் அதுவே சூட்டைப் பிடித்து வைக்கும். புதுச் செம்புக்கூடு மாற்ற ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. "இதழ் தொட்டாலே உதிர்ந்தா, புதுக்கூடு போடச் சொல்லியிருப்பேன் சார். இது இன்னும் நல்லா இருக்கு" என்றார்.

இந்தச் சந்தில் முன்பு ஆறு கடைகள் இருந்தனவாம், இப்போது இரண்டு. பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை. ஈயப் புகையில் வாழ்நாளைக் கழித்தவரிடம், ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம்; டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் தண்ணீர் உறையாதே என்று எண்ண வேண்டாம். கூலண்டில் உள்ள துருத் தடுப்புதான் நமக்கு முக்கியம். அது இனிக்கும், ஆனால் நஞ்சு. குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள். தண்ணீர் பழுப்பு நிறமாக வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். ரேடியேட்டரைக் கழற்றும்போதே ஹோஸ், ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட், மூடியின் ரப்பர் ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கொதிநீரில் போட்டால் அது திறக்க வேண்டும், திறக்காவிட்டால் மாற்றுங்கள்.

பொங்கலுக்கு மீண்டும் சேலம் போய்வந்தோம். தொப்பூர் ஏற்றத்தில் முள் நடுவிலேயே நின்றது. மனைவி அதை எட்டிப் பார்த்துவிட்டு, பிளாஸ்கிலிருந்து எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தாள். பேரன் இப்போது புறப்படும் முன் தண்ணீர் பார்ப்பது தன் வேலை என்று சொல்லிக்கொள்கிறான். பார்க்கட்டும், ஆனால் வண்டி ஆறியிருக்கும்போது மட்டும்.