வரிச்சுருளில் மாறும் மின்னோட்டமும் மின்காந்தத் தூண்டலும்

மாணவர்களே, "ஒரு வரிச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது அருகிலுள்ள சுருளிலும் மின்னோட்டம் தூண்டப்படும்" என்று எழுதினால் விடை முழுமையாகாது. மின்னோட்டம் பாய்ந்தால் மட்டும் போதாது. அது மாறவும் வேண்டும். மன்னாரில் வீசும் காற்றிலிருந்து பெறும் மின் தொலைவிலுள்ள வீடுகளைச் சென்றடைவதும் இந்த மாற்றத்தினாலேயே ஆகும்.

செயற்பாடு

இரு வரிச்சுருள்களை ஒரே நேர்கோட்டில், முனைகள் அருகருகே இருக்குமாறு வையுங்கள். சுருள் அ உடன் மின்கலம், ஆளி, மாறுந்தடை ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். சுருள் ஆ உடன் கல்வனோமானியை மட்டும் இணையுங்கள்.

அவதானங்கள்

1. ஆளியை மூடும் கணத்தில் காட்டி ஒரு பக்கம் திறம்பி, மீண்டும் பூச்சியத்துக்கு வரும்.
2. உறுதியான மின்னோட்டம் பாயும்போது திறம்பல் இல்லை.
3. ஆளியைத் திறக்கும் கணத்தில் காட்டி எதிர்ப்பக்கம் திறம்பும்.
4. மாறுந்தடையால் மின்னோட்டத்தைக் கூட்டும்போது (1) இன் திசையிலும், குறைக்கும்போது (3) இன் திசையிலும் திறம்பும்.
5. சுருள்களினுள்ளே மெல்லிரும்பு அகணியை வைத்து ஆளியை மூடித் திறந்தால் திறம்பல் அதிகமாகும்.

விளக்கம்

அ இல் மின்னோட்டம் மாறும்போது அதன் காந்தப்புலமும் மாறுகிறது. ஆ இனூடாகச் செல்லும் காந்தப் பாயம் மாறுவதால் அதில் மின்னியக்க விசை தூண்டப்படுகிறது. மாற்றம் விரைவாக நிகழ்ந்தால் தூண்டிய மின்னியக்க விசை பெரிதாகும். மைக்கல் பரடே 1831 இல் இரும்பு வளையமொன்றில் இரு சுருள்களைச் சுற்றி இதனையே கண்டறிந்தார்.

மன்னாரில் ஒரு பிரயோகம்

மன்னார்த் தீவின் தென்கரையில் இலங்கை மின்சார சபை அமைத்த தம்பபவனி காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று கொண்ட 30 காற்றாலைகளின் மொத்த வலு 103.5 மெகாவாற்று ஆகும். அங்கிருந்து 33 கிலோவோல்ற்றில் வரும் மின், நடுக்குடா உபமின்நிலையத்தில் படிகூட்டு நிலைமாற்றியால் 220 கிலோவோல்ற்றாக உயர்த்தப்படுகிறது.

நிலைமாற்றியின் இரு சுருள்களுக்கும் இடையே மின்தொடர்பு இல்லை. எனினும் 50 ஹேட்ஸ் ஆடலோட்டம் செக்கனுக்கு 100 தடவை திசை மாறுவதால், துணைச்சுருளில் தொடர்ச்சியாகத் தூண்டல் நிகழ்கிறது. செயற்பாட்டில் ஆளியால் செய்த வேலையை இங்கு ஆடலோட்டம் தானாகவே செய்கிறது.

கணிப்பு

முதன்மைச் சுருளில் 300 முறுக்குகளும் துணைச்சுருளில் 2000 முறுக்குகளும் உள்ளன எனக் கொள்வோம். (இவ்வெண்கள் கணிப்புக்காக மட்டும் எடுக்கப்பட்டவை.)

துணைச்சுருளின் வோல்ற்றளவு = 33 × 2000 ÷ 300 = 220 கிலோவோல்ற்று

வலு இழப்பைப் புறக்கணித்தால் மின்னோட்டம் 3/20 மடங்காகக் குறையும். கம்பியில் ஏற்படும் வெப்ப இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமன். ஆகவே அதே கம்பியில் இழப்பு 9/400 மடங்கு, அதாவது ஏறத்தாழ 44 இல் ஒரு பங்காகும்.

மாதிரி வினா

நிலைமாற்றியின் முதன்மைச் சுருளுக்கு மின்கலவடுக்கை இணைத்தால், துணைச்சுருளுடன் இணைத்த மின்குமிழ் தொடர்ந்து ஒளிராதது ஏன்?

விடை: மின்கலவடுக்கு உறுதியான நேரோட்டத்தை வழங்குகிறது. எனவே காந்தப் பாயம் மாறாது. ஆகையால் துணைச்சுருளில் மின்னியக்க விசை தூண்டப்படாது.

நினைவிற் கொள்க: காந்தப் பாயம் இருப்பதனால் அன்று, அது மாறுவதனாலேயே தூண்டல் நிகழ்கிறது.